ஆறு டம்ளர் தேனும் கொஞ்சம் கிரேக்க ஒயினும்

கிரேக்க ஒயின் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. குடித்ததில்லை. வாங்கக் காசு இல்லை, வாங்கினாலும் அம்மா வீட்டுக்குள் விட மாட்டாள். ஆனால் கிரேக்க ஒயினை எப்படிச் சுவைத்து மார்க் போடுகிறார்கள் என்று கேட்டால் ஒரு மணி நேரம் மொக்கை போடுவேன். செமஸ்டர் லீவில் வேறு சோலி இல்லாமல் வாசித்துத் தள்ளிய விஷயம் அது. வாசித்ததை என்ன செய்ய? ஒயின் இல்லாத ஊரில் தேன் இருக்கிறதே என்று ஆறு டம்ளர் தேனை வரிசையாக வைத்து நாலு பேர் உட்கார்ந்து மார்க் போட்டோம். அந்தக் கதைதான் இது.

முதலில் ஒயின்.

கிரேக்க நாட்டில் சான்டோரினி என்று ஒரு எரிமலைத் தீவு. அங்கே அசிர்டிகோ என்று ஒரு வெள்ளைத் திராட்சை. காற்று பலமாக அடிக்கிற தீவு என்பதால் கொடியைப் பந்தலில் ஏற்ற மாட்டார்கள். தரையோடு தரையாக ஒரு கூடை மாதிரி சுற்றிச் சுற்றி வளர்ப்பார்கள். காய் கூடைக்குள்ளே காற்றுக்கு ஒளிந்து கிடக்கும். அந்த ஒயினில் எலுமிச்சைப் புளிப்பும் லேசாக உப்பும் தெரியும் என்று எழுதுகிறார்கள். வடக்கே நவூசா பக்கம் சினோமாவ்ரோ என்று ஒரு சிவப்பு ஒயின். பேருக்கு அர்த்தமே 'புளிப்புக் கருப்பு'. வாயில் துவர்க்கும். அப்புறம் ரெட்சினா. வெள்ளை ஒயினில் பைன் மரப் பிசினைப் போட்டு ஊற வைப்பது. அந்தக் காலத்தில் மண் ஜாடியின் உள்பக்கம் கசியாமல் இருக்கப் பிசின் பூசினார்கள், அந்த மணம் ஒயினில் ஏறியது, பிறகு அந்த மணமே வேண்டும் என்று ஆகிவிட்டது. முதல் தடவை குடிக்கிற வெளிநாட்டுக்காரன் 'டர்பென்டைன் மாதிரி இருக்கு' என்று திட்டுவானாம். உள்ளூர்க்காரன் அதுதான் ஒயின் என்பான்.

சுவைக்கிறவர்கள் செய்கிற வேலை நாலுதான். நிறம் பார்ப்பது, முகர்வது, வாயில் வைத்துச் சுற்றுவது, விழுங்கினபிறகு எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது என்று கவனிப்பது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதற்கு 20 மார்க் முறை ஒன்று வைத்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியை 1980களில் ஒரு 'வாசனைச் சக்கரம்' வரைந்தார். 'பழ வாசனை' என்று மொட்டையாகச் சொல்லாதே, எந்தப் பழம், பச்சைப் பழமா, காய்ந்த பழமா, வெந்த பழமா என்று சொல் என்பதுதான் அந்தச் சக்கரத்தின் சாரம். எனக்குப் பிடித்தது இதுதான். நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் அது *எப்படி* இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

'இந்த வெள்ளைக்காரன் சமாச்சாரம் நமக்கு எதுக்குலே?' என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் கிரேக்க ஒயின் நம்ம கரைக்குப் புதுசு இல்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் குடிப்பதைச் சொல்கிறார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இரண்டு காது வைத்த ஒயின் ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸ் பாணி ஜாடிகளும் அதில் உண்டு. கோஸ் ஒயினில் கடல் தண்ணீர் கலப்பது வழக்கம். உப்பு போட்ட ஒயின்! 2000 வருஷத்துக்கு முன்னால் சோழமண்டலக் கரையில் யாரோ ஒருத்தர் அதை வாயில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்திருப்பார். அல்லது இன்னொரு கிண்ணம் கேட்டிருப்பார்.

இன்னொரு தமாஷ். 'மது' என்ற சொல்லுக்கு வடமொழியில் தேன் என்றும் பொருள், போதை தருகிற பானம் என்றும் பொருள். பழைய கிரேக்கத்தில் ஒயினைக் குறிக்கும் 'மெத்து' என்ற சொல் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. இங்கிலீஷில் தேனைப் புளிக்க வைத்துச் செய்யும் 'மீட்' என்ற பானத்தின் பேரும் அதே குடும்பம். நம்ம தமிழில் 'தேறல்' என்றாலும் தெளிந்த கள் என்றும் தேன் என்றும் இரண்டு பொருள் வரும். ஆக நான் ஒயினை விட்டுவிட்டுத் தேனுக்கு வந்தது ஒன்றும் பெரிய தாவல் இல்லை. ஒரே வார்த்தையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்திருக்கிறேன், அவ்வளவுதான் :)

இனி எங்க ஊர்.

சிதறால் தெரியாதவர்களுக்கு: மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். ஊருக்கு மேலே திருச்சாணத்து மலை. உச்சியில் பாறையைக் குடைந்த சமணக் கோயில், பாறை முகத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள். 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பிறகு 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பகவதி கோயிலாக மாறியது. மேலே நின்று பார்த்தால் சுற்றிலும் தென்னையும் ரப்பரும் பச்சைப் பசேலென்று தெரியும். அந்த ரப்பர் மரங்களுக்கு அடியில்தான் நம்ம கதாநாயகர்கள் இருக்கிறார்கள். நாலு கால் நட்டு அதன்மேல் வைத்த தேன்பெட்டிகள்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மலைமேல் தங்கியிருந்த சமணர்களுக்கு மது, மாமிசம், தேன் மூன்றும் விலக்கு. துறவிகளுக்கு மட்டுமல்ல, இல்லறத்தாருக்கே சமணத்தில் அடிப்படை விரதம் அது. பழைய முறையில் தேன் எடுப்பது என்றால் அடையை முழுசாக அறுத்துப் பிழிவது. முட்டையும் புழுவும் சேர்ந்து நசுங்கும். ஓர் உயிரின் கூட்டைக் கலைத்துவிட்டு என்ன இனிப்பு என்பது அவர்கள் கேள்வி. மலைமேல் ஒயினும் தேனும் ஒரே விலக்குப் பட்டியலில். மலையடிவாரத்தில் வீட்டுக்கு வீடு தேன்பெட்டி!

பெட்டி வந்த கதையும் சுவாரசியம்தான். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் கிராம முன்னேற்ற வேலை செய்தார். கோழி, நெசவு என்று பலதும் சொல்லிக்கொடுத்ததில் தேனீ வளர்ப்பும் ஒன்று. மரச் சட்டங்கள் வைத்த பெட்டி என்பதால் அடையை அறுக்க வேண்டாம். சட்டத்தை உருவி, மேல்மூடியைச் சீவி, மிஷினில் வைத்துக் கையால் சுற்றினால் தேன் மட்டும் தெறித்து வெளியே வரும். காலி அடையைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிடலாம். சமணர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் பழைய முறைக்கு இது எவ்வளவோ மேல். நிலமே இல்லாதவர்களும் அடுத்தவர் தோட்டத்தில் பெட்டி வைத்துப் பிழைக்க முடிந்தது. 1991-92இல் தாய்லாந்துப் பை நோய் என்ற வைரஸ் வந்தது. புழுக்கள் தண்ணீர் நிறைந்த பை மாதிரி ஊதிச் செத்தன. இந்தப் பக்கத்துப் பெட்டிகளில் பெரும்பாலானவை காலியாயின. அதிலிருந்தும் மீண்டு வந்தார்கள். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவ்வளவு வரலாறு உள்ள ஊரில் தேன் வாங்க வருகிறவர்கள் கேட்கிற ஒரே கேள்வி என்ன தெரியுமா? "ஒரிஜினலா?"

அவ்வளவுதான். மட்டி பழம் வாங்கினால் பழுத்த பதம் பார்ப்போம். சக்கை என்றால் வருக்கையா கூழையா என்று கேட்போம். மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்ப்போம். தேனுக்கு மட்டும் ஒரே கேள்வி. ருசியைப் பற்றிக் கேட்டாலும் இரண்டே பதில், 'கொள்ளாம்', 'கொள்ளாது'.

சரி, நாங்கள் செய்தது இது. தேன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மாமா, என் தங்கை, கிளாஸ்மேட் ஒருவன், நான். மொத்தம் நாலு நடுவர்கள். ஆறு எவர்சில்வர் டம்ளர், ஒவ்வொன்றின் அடியிலும் நம்பர் ஒட்டின சீட்டு. டம்ளரை மூடி வைத்துப் பத்து நிமிஷம் கழித்துத் திறந்து முகர வேண்டும், அப்போதுதான் மணம் சேர்ந்திருக்கும். நிறம் பார்க்க மட்டும் கொஞ்சத்தைக் கண்ணாடித் தட்டில் விட்டுக்கொண்டோம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெறும் பொரியும் வெந்நீரும். ஒயின்காரர்கள் லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடிப்பார்களாம், நாங்களும் அப்படியே. மார்க் 20க்கு: நிறம் 2, மணம் 6, ருசி 8, விழுங்கினபிறகு நிற்பது 4. முக்கியமான விதி: 'கொள்ளாம்' என்ற சொல்லுக்குத் தடை.

தடை போட்டதும் எல்லார் வாயும் அடைத்துக்கொண்டது. ஐந்து நிமிஷம் ஒருத்தரும் பேசவில்லை. பிறகு மாமா ஒரு சொல் போட்டார்: "இது தொண்டையில காறுது." அதோடு மடை திறந்தது. காறல், கமறல், துவர்ப்பு, வழுவழுப்பு, நறநறப்பு, பாகுப் பதம், மெழுகு வாசம், புளிச்ச வாடை, புகைஞ்ச மணம், நல்லமிளகு மாதிரி ஒரு குத்து... ஆன் நோபல் சக்கரம் இல்லாமலே நம்ம பாஷையில் எல்லாம் ரெடியாகத்தான் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இனி ஒவ்வொன்றாக.

டம்ளர் 1, முருங்கைத் தேன். தெற்கத்தி முருங்கைத் தோட்டங்களில் பெட்டி வைத்து எடுத்தது. வெளிர்ப்பழுப்பு நிறம். மணம் குறைவு. முதலில் நல்ல இனிப்பு, பிறகு லேசாகக் கீரை வேக வைத்த மாதிரி ஒரு பச்சை ருசி வந்து போகும். தங்கை கண்டுபிடித்தாள். நாலு பேரும் 13 அல்லது 14 போட்டோம்.

டம்ளர் 2, கடையில் வாங்கிய பாட்டில். பிராண்டு பேர் வேண்டாம். நிறம் பளபளவென்று, தெளிவோ தெளிவு. நிறத்துக்கு எல்லாரும் முழு மார்க். அப்புறம் பேனா ஓடவில்லை. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, குணம் சொல்லவும் ஒன்றும் இல்லை. இனிப்பு வந்தது, போனது. தடைச் சட்டம் இல்லாவிட்டால் நாலு பேரும் 'கொள்ளாம்' என்று சொல்லியிருப்போம். மார்க் 11.

டம்ளர் 3, இந்த வருஷ ரப்பர் தேன். மாமாவின் பெட்டி, மார்ச் மாசம் எடுத்தது. பொன்னிறம். முகர்ந்தால் கொழுந்து கசக்கின மாதிரி ஒரு பச்சை மணம், பின்னால் லேசாகப் பால்கோவா. இனிப்பு டக்கென்று ஏறும், கடைசியில் தொண்டையில் காறும். மாமா 12 போட்டார், நாங்கள் மூவரும் 15.

டம்ளர் 4 வந்தபோது கண்ணைக் கட்டச் சொன்னேன். ஸ்பூனில் வைத்துக் கொடுத்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கி, நடுநடுவே நறநறவென்று கரைந்து, இனிப்பு மெதுவாகப் பரவியது. "இது ஏதோ ஸ்வீட்லே" என்றான் கிளாஸ்மேட். 16, 16, 17. கண்ணைத் திறந்து பார்த்தால் டம்ளரில் வெளிறிப்போய் உறைந்து கிடந்தது. "ஐயே, சீனி கலந்ததா?" கலந்ததெல்லாம் இல்லை. அதே மாமா, அதே பெட்டி, போன வருஷ ரப்பர் தேன். உறைந்துவிட்டது, அவ்வளவே.

டம்ளர் 5, மலைத்தேன். பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுப் பக்கம் காணி மக்கள் பெருந்தேனீயின் அடையிலிருந்து எடுத்தது. கருப்பட்டிக் காப்பி நிறம், தண்ணி மாதிரி ஓடும். புகை மணம், பூந்தூள் மணம், அடியில் ஒரு கசப்பு. விழுங்கி ரொம்ப நேரம் கழித்தும் நாக்கில் இருந்தது. 'நிற்பது' என்பதற்கு 4க்கு 4. தங்கை மட்டும் கஷாயம் என்று சொல்லி 9 போட்டாள்.

டம்ளர் 6, சிறுதேன். கொட்டாத கொசுத் தேனீயின் தேன். சுவர்ப் பொந்திலும் மண்பானையிலும் கூடு கட்டும். ஒரு கூட்டில் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி பல மடங்கு. வாயில் வைத்ததும் புளிப்பு! பழுத்த அயனிச் சக்கையின் புளிப்பு. பின்னாலே ஒரு மரப்பிசின் மணம். இதைச் சுவைத்த நிமிஷம் எனக்கு ரெட்சினா ஞாபகம் வந்தது. கொசுத் தேனீ வெறும் மெழுகில் அறை கட்டாது. மரங்களிலிருந்து பிசின் சேகரித்து, மெழுகோடு குழைத்து, குட்டிக் குட்டிப் பானை செய்து அதில்தான் தேனை ஊற்றி வைக்கும். அந்தப் பிசின் தேனில் ஏறுகிறது. கிரேக்கன் ஜாடிக்குப் பூசியதை இந்தக் கொசு அளவு பூச்சி அவனுக்கு முன்னாலிருந்தே செய்துவருகிறது. என் மார்க் 18. கிளாஸ்மேட் 8 போட்டு, "கெட்டுப்போன தேன்டா இது" என்று டம்ளரைத் தள்ளினான்.

இப்போது 'ஒரிஜினலா' கேள்விக்கு வருகிறேன்.

நம்ம வீடுகளில் பண்ணுகிற டெஸ்ட் எல்லாருக்கும் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும். பேப்பரில் விட்டால் ஊறக்கூடாது. தீக்குச்சியை முக்கிப் பற்றவைத்தால் எரிய வேண்டும். எறும்பு வரக்கூடாது. உறையக்கூடாது. முதல் மூன்றும் பார்ப்பது ஒன்றைத்தான்: தேனில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை. கெட்டியாகக் காய்ச்சின சர்க்கரைப் பாகு மூன்றிலும் பாஸாகும். நம்ம சிறுதேன் மூன்றிலும் பெயிலாகும். ஏனென்றால் அதில் இயற்கையாகவே ஈரம் கால்வாசி வரை இருக்கும். எறும்புக்கு இனிப்பு என்றால் இனிப்புதான், அது தேனையும் விடாது. உறைவதோ, தேனில் இருக்கும் குளுக்கோஸ் படிகமாவது. ரப்பர் தேன் சீக்கிரம் உறைகிற ஜாதி. சூடு தணிந்த வெந்நீரில் பாட்டிலை வைத்தால் பழையபடி இளகிவிடும்.

அரிசியிலிருந்து எடுக்கும் சிரப்பைக் கலந்தால் சாதாரண லேப் சோதனையிலேயே கண்டுபிடிப்பது கஷ்டம். 2020 டிசம்பரில் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களைச் சோதித்து அறிக்கை விட்டது. காந்த அதிர்வு முறையில் ஜெர்மனியில் சோதித்ததில் 3 மட்டுமே தேறின. கம்பெனிகள் அதை மறுத்தன. யார் சொன்னது சரி என்பதை விட்டுவிடுங்கள். அந்த அளவு மிஷின் தேவைப்படுகிற இடத்தில் நம்ம தீக்குச்சி என்ன செய்யும்? 'ஒரிஜினலா' என்ற கேள்விக்கு வீட்டில் பதில் கிடையாது. அதையே கேட்டுக்கொண்டிருப்பதால், வீட்டில் பதில் கிடைக்கக்கூடிய கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். அதைவிட மோசம், நிஜத் தேன்களையே நிராகரிக்கிறோம். புளித்தால் கெட்டது, ஓடினால் தண்ணி கலந்தது, உறைந்தால் சீனி. மிச்சம் என்ன? எப்போதும் ஒரே நிறம், ஒரே பதம், ஒரே இனிப்பு. டம்ளர் 2!

அடுத்த குற்றச்சாட்டு, "ரப்பர் தேன் எல்லாம் ஒரு தேனா? பூவே இல்லையே!" இதை ஊர்க்காரர்களே சொல்வார்கள். பாதி உண்மை. ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் கொழுந்து விடும். ரப்பர் இலை மூன்று மூன்றாக இருக்கும் அல்லவா, அந்த மூன்றும் காம்பில் சேர்கிற இடத்தில் சின்னச் சுரப்பிகள். இளம் இலையாக இருக்கும்போது அதிலிருந்து தேன்நீர் கசியும். பெட்டித் தேனீக்கள் குடித்துச் சேர்ப்பது அதைத்தான். பூவிலிருந்து வருவதில்லை, உண்மை. ஆனால் வெட்டி எடுக்கும் ரப்பர் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை.

பூ இல்லாவிட்டால் தேன் மட்டமா? இங்கேதான் மறுபடி கிரேக்கர்கள் உதவிக்கு வருகிறார்கள். ஏதென்ஸ் பக்கத்து ஹைமெட்டஸ் மலையின் தைம் பூத் தேன் பழங்காலத்திலிருந்தே பேர்போனது. ஆனால் இன்றைக்குக் கிரேக்க நாட்டில் எடுக்கும் தேனில் பாதிக்கும் மேல் எது தெரியுமா? பைன் மரத் தேன். பைன் மரத்துக்கும் தேன் தரும் பூ கிடையாது. மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் ஒரு பூச்சி, மிச்ச இனிப்பைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும். தேனீ அதைத்தான் எடுக்கிறது. நம்ம ரப்பர் தேனாவது இலையிலிருந்து நேரடியாக வருகிறது, அது பூச்சியின் வயிறு வழியாக வருகிறது! அவர்கள் அதை ஒளிக்கிறார்களா? 'பைன் தேன்' என்று லேபிளில் பெரிசாகப் போட்டு, இனிப்பு குறைவு, பிசின் மணம், லேசில் உறையாது என்று வர்ணித்து உலகம் பூராவும் விற்கிறார்கள். ரெட்சினாவிலும் செய்தது அதைத்தானே? குறை என்று பிறர் சொன்னதை அடையாளமாக மாற்றிக்கொண்டார்கள். இத்தாலியில் தேன் சுவைப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்களின் பதிவேடு இருக்கிறது. இது தேனா என்று மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் எழுந்து போவதில்லை. எந்தப் பூ, எப்படிப்பட்ட தேன் என்று வர்ணிப்பதுதான் அவர்கள் வேலை.

மார்க் எல்லாம் கூட்டி முடித்தபிறகு மாமாவிடம் கேட்டேன், இந்தத் தேனையெல்லாம் தனித்தனியாக விற்றால் என்ன? சிரித்தார்.

"மக்களே, ரப்பர் சீசனுக்குப் பெட்டியை லாரியில ஏத்திக் கேரளா வரை கொண்டு போறேன். பொறவு புளியம்பூ, பொறவு முருங்கை. ராத்திரி பூரா வண்டியில உறக்கம் கிடையாது. எடுக்கியது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ருசி, எனக்குத் தெரியும். ஆனா வாங்கிய வியாபாரி எல்லாத்தையும் ஒரே டிரம்முல தட்டிருவான். எல்லாத்துக்கும் ஒரே ரேட்டு. எந்த மாசத் தேன்னு இதுவரை ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதில்ல."

ஒரே டிரம். எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது. ஒரு மனுஷன் வருஷம் பூரா அலைந்து நாலு விதமான ருசியைச் சேகரித்து வருகிறார். அது ஒரே நிமிஷத்தில் ஒன்றாகிவிடுகிறது. வித்தியாசத்துக்குக் காசு கொடுக்க ஆள் இல்லை என்றால் வித்தியாசத்தைக் காப்பாற்றி அவருக்கு என்ன லாபம்? சினோமாவ்ரோவையும் அசிர்டிகோவையும் ஒரே டிரம்மில் ஊற்றினால் கிரேக்கன் கத்தியை எடுத்துவிடுவான். அவனிடம் வாங்குகிறவன் வித்தியாசம் கேட்கிறான், அதனால் அவன் தனித்தனியாக ஊற்றுகிறான். மாமாவின் மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். பெட்டியைப் பார்க்க இனி யார் என்று மாமாவுக்கே தெரியாது. டிரம் விலையை வைத்துக்கொண்டு அவனைத் திரும்பி வா என்று கூப்பிடவும் முடியாது.

தேன் குடித்தால் அது தீரும், இது தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ரொம்பச் சின்ன விஷயம். அடுத்த தடவை மார்த்தாண்டம் பக்கம் வந்து தேன் வாங்கினால், 'ஒரிஜினலா' என்று கேட்கிற மூச்சில் இந்த மூன்றைக் கேட்டுப் பாருங்கள். எந்த மரம்? எந்த மாசம்? எந்தத் தேனீ? பெட்டி வைத்து எடுக்கிறவர் என்றால் உடனே பதில் வரும், கூடவே பத்து நிமிஷம் கதையும் வரும். கலந்து விற்கிறவர் என்றால் விழிப்பார். தீக்குச்சியைவிட எனக்கு இந்த டெஸ்டில் நம்பிக்கை அதிகம்.

வாங்கி வந்தபிறகு ஒரு ஸ்பூன் எடுத்துக் கண்ணை மூடி வாயில் வைத்துக்கொண்டு, 'கொள்ளாம்' என்ற சொல்லைத் தவிர வேறு ஏதாவது சொல்லப் பாருங்கள். முதலில் ஒன்றும் வராது. காத்திருங்கள், வரும்.

மாமா இந்த வருஷம் மார்ச் ரப்பர் தேனில் பத்து பாட்டிலை டிரம்முக்குப் போகாமல் தனியாக எடுத்து வைத்தார். தங்கை லேபிள் எழுதினாள்: 'ரப்பர் தேன், சிதறால், மார்ச். உறையும். தொண்டையில் லேசாகக் காறும்.' காறும் என்று எழுதினால் எவன் வாங்குவான் என்று மாமாவுக்கு ஒரே கவலை. ஏழு பாட்டில் போய்விட்டது. மூன்று இருக்கிறது.